பக்கத்து வளவுப் பற்றைக்கு எந்தக் கந்தோருக்குப் போவது? திருகோணமலைக்காரருக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் ஒழுங்கையின் கோடியில் ஒரு காணி கிடக்கிறது. சொந்தக்காரர் கனடாவில். மதிலுக்கு மேலால் இபில் இபில் மரம் எட்டிப் பார்க்கும். மாரி முடிந்தால் வாசல் ஓரமெல்லாம் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. பார்க்க வடிவாகத்தான் இருக்கும், ஆனால் அது பார்த்தீனியம் என்ற களை. மூன்று வருடத்துக்கு முன் ஒழுங்கைக்காரர் பதினொரு பேர் கையெழுத்து வைத்து ஒரு கந்தோருக்குக் கடிதம் கொடுத்தோம். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது: இது தங்கள் வேலை இல்லையாம். எல்லாருக்கும் கோபம். பிறகு ஆறுதலாக விசாரித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் பிழையில்லை. நாங்கள்தான் பிழையான கதவைத் தட்டியிருக்கிறோம்.

இலங்கையில் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று எல்லாவற்றையும் அடக்கிய ஒரே சட்டம் கையில் இல்லை. 2016 இல் தேசியக் கொள்கை ஒன்று வந்தது. கொள்கையைக் காட்டி ஒருவருடைய வேலியை வெட்டச் சொல்ல ஏலாது. அதிகாரம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. வீதிக்கு ஒருவர், குளத்துக்கு ஒருவர், நுளம்புக்கு ஒருவர், பனைக்கு ஒருவர். ஆகவே கடிதம் எழுத முதல் செய்யவேண்டிய வேலைதான் பெரிய வேலை.

முதல் படி: செடியைப் பெயர் சொல்லி அடையாளம் காணுங்கள்

“பற்றை” என்று எழுதினால் பற்றையாகத்தான் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் கண்ணில் படுகிறவை இவை.

பார்த்தீனியம்: கரட் இலை மாதிரிப் பிளந்த இலை, சின்ன வெள்ளைப் பூ. இந்த நாட்டில் முதலில் வவுனியாவில் 1999 இல் அடையாளம் காணப்பட்டது. ஒரு செடி பத்தாயிரத்துக்கு மேல் விதை போடும். தோலில் கடி, சிரங்கு, மூச்சிழுப்பு எல்லாம் வரும். மாடு தின்றால் பால் கசக்கும். வவுனியாப் பக்கமிருந்து அறுவடைக்கு வரும் வெட்டு மெஷினின் சில்லிலும் கிரவல் ஏற்றும் டிப்பரிலும் விதை ஒட்டிக்கொண்டு வரக்கூடியது என்பதால் தம்பலகாமம், கந்தளாய் வயற்காரர் கவனமாக இருக்கவேண்டும். மெஷினை வரம்பில் இறக்க முதல் கழுவச் சொல்லிக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், கேளுங்கள்.

இபில் இபில்: மாட்டுக்குத் தீனி, விறகு, பசளை என்று ஒரு காலம் அரசாங்கமே நடச் சொன்ன மரம். கைவிட்ட காணி கிடைத்தால் போதும், நாலைந்து வருடத்தில் காடாக்கிவிடும். வெட்டினால் அடியிலிருந்து பத்தாய்த் தளிர்க்கும்.

நாயுண்ணி: லன்டானா என்பதும் இதுதான். 1826 இல் பேராதனைப் பூங்காவுக்கு அழகுக்காக வந்தது. கினிப்புல்லும் ஏறக்குறைய அதே காலத்தில் தீனிக்கு வந்ததுதான். சித்திரை கழிந்த வெயிலில் கினிப்புல் காய்ந்து நின்றால் ஒரு பீடித் துண்டு போதும்.

ஆற்றுவாழை: சிலர் ஆகாயத்தாமரை என்பார்கள். ஊதாப் பூவுக்காக 1900களின் தொடக்கத்தில் வந்தது. 1909 இலேயே அதை ஒழிப்பதற்கென்று வெள்ளைக்காரன் தனிக் கட்டளைச் சட்டம் போட்டுவிட்டான். நூறு வருடம் தாண்டியும் வாய்க்கால் முழுக்க அதுதான் மிதக்கிறது. சல்வினியா 1939 இல் தாவரவியல் படிப்புக்காகக் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து நாடெங்கும் மிதந்தது.

இராட்சதத் தொட்டாற்சுருங்கி: முள்ளும் ஊதாப் பூவுமாக ஆளுயரத்துக்கு மேல் வளரும். 1990களின் பிற்பகுதியில் கண்டியில் மகாவலிக் கரையில் தெரிய வந்தது. மகாவலி கடைசியில் கொட்டியாரக் குடாவில்தான் விழுகிறது. மேலே ஆற்றில் விழுந்த விதைக்கு எங்கள் ஊர் கடைசித் தரிப்பிடம். மூதூர், வெருகல் பக்கம் ஆற்றோரம் நிற்பவர்கள் கண்டால் படம் எடுத்து விவசாயப் போதனாசிரியருக்குக் காட்டுங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். களப்போரம் உவர்நீரில் நிற்கும் கண்டல், பற்றை ஆகாது. கிண்ணியாவிலும் களப்புக் கரைகளிலும் “பற்றை வளர்ந்து பாம்பு வருகிறது” என்று வரும் முறைப்பாடுகளில் சில கண்டலைப் பற்றியவை. கண்டலில் கைவைத்தால் முறைப்பாட்டுக்காரரே எதிரியாகி நீதிமன்றம் ஏறவேண்டி வரும். வீரையும் பாலையும் பூவரசும் அப்படியே, கேட்பாரற்று நிற்பதால் அவை களை ஆகிவிடாது. ஐயம் என்றால் கமநல சேவை நிலையத்தில் இருக்கும் விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு கிளையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பார்த்தீனியம் என்றால் கிளை வேண்டாம், போனில் எடுத்த படம் போதும்.

இரண்டாம் படி: நிலம் யாருடையது?

எங்களைக் கவிழ்த்தது இந்தக் கேள்விதான். எல்லாவற்றுக்கும் முதல், பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. பெயர் ஒட்டியிருப்பதால் பாதிக் கடிதங்கள் மாறிப் போகின்றன. “பட்டினமும் சூழலும்” என்ற பெயரில் சபையும் உண்டு, செயலகமும் உண்டு. சபை நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்வது. செயலகம் கச்சேரியின் கிளை.

வீதியோரம் என்றால் வீதியின் வகுப்பைப் பாருங்கள். ஏ, பீ வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. குருநாகல் பக்கமிருந்து வரும் ஏ 6, அனுராதபுரத்து ஏ 12, மட்டக்களப்பு ஏ 15 எல்லாம் இதற்குள். சீ, டீ வகுப்பு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்சமான ஒழுங்கைகளும் குறுக்கு வீதிகளும் உங்கள் சபைக்கு. நிலாவெளி வீதியோரத்துப் பற்றைக்குச் சபைத் தவிசாளரை ஏசிப் பயனில்லை.

குளம், வாய்க்கால் என்றால் 80 ஹெக்டேயருக்கு, அதாவது 200 ஏக்கருக்குக் குறைந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ். கந்தளாய்க் குளம் போன்ற பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ். சிறு குளத்தில் ஆற்றுவாழை என்றால் தனிக் கடிதத்தை விட விவசாய அமைப்பின் கூட்டத்தில் எழுப்புவது வேகமாக வேலை செய்யும். போகத்துக்கு முந்திய கூட்டத்தில் வாய்க்கால் துப்புரவு எப்படியும் பேச்சுக்கு வரும், அதோடு சேர்த்துவிடலாம்.

அரச காணி என்றால் பிரதேச செயலாளர். காடு என்றால் வனத் திணைக்களம். கடற்கரையில் சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே இயற்கையாக வளர்ந்த செடிகொடியை அகற்றுவதும் 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தில் “அபிவிருத்தி நடவடிக்கை” என்ற சொல்லுக்குள் அடங்கும். உப்புவெளியில், நிலாவெளியில் கடல் தெரியவேண்டும் என்று பெக்கோ பிடித்து வழிக்கிறவர்கள் இதை ஒருக்கால் வாசிக்க வேண்டும்.

தனியார் காணிதான் தலையிடி. 83, 90 இடம்பெயர்வுகளுக்குப் பிறகு வெளிநாடு போனவர்களின் வளவுகள் இங்கே ஒழுங்கைக்கு ஒன்று இருக்கும். உறுதி ஒருவர் பேரில், பார்க்கிறவர் இன்னொருவர், வரி கட்டுகிறவர் மூன்றாமாள். முதலில் கிராம சேவகரிடம் கேளுங்கள். அடுத்தது சபையின் சோலைவரிப் பகுதி. பக்கத்து வீட்டின் வரி இலக்கத்தைச் சொன்னால் இந்தக் காணியின் இலக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆளின் முகவரியை உங்களுக்குத் தரவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை, இலக்கம் கிடைத்தாலே கடிதம் நிற்கும். இடையில் சொந்தக்காரரின் உறவுக்காரர் யாராவது ஊரில் இருந்தால் ஒருதரம் நேரில் போய்ப் பேசுங்கள். எங்கள் காணிக்காரரின் மச்சான் உவர்மலையில் இருக்கிறார் என்பது கடிதம் எழுதி ஒரு வருடத்துக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. “முதலே சொல்லியிருந்தால் ஆள் பிடித்து வெட்டியிருப்பேனே தம்பி” என்றார். வெட்கமாகப் போய்விட்டது.

மூன்றாம் படி: சரியான கொழுவியைத் தெரிவு செய்யுங்கள்

“களை வளர்ந்திருக்கிறது” என்பது சபைக்கு ஒரு முறைப்பாடே இல்லை. சபையின் கை நீளக்கூடிய காரணத்தோடு அதைக் கொழுவ வேண்டும்.

நகரத்துக்குள் மிகப் பலமான கொழுவி நுளம்பு. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் வளவு வைத்திருப்பவர் தலையில் நேரடிப் பொறுப்பைப் போடுகிறது. 2017 இல் கிண்ணியாவை டெங்கு உலுக்கியதை யாரும் மறக்கவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீஎச்ஐ) இந்தச் சட்டத்தோடு வந்தால் கதை வேறு. ஆனால் நேர்மையாக எழுதுங்கள், செடியில் நுளம்பு பெருகாது. பற்றைக்குள் மறைந்து கிடக்கும் சிரட்டை, டயர், யோகட் கப், உடைந்த தண்ணீர்த் தாங்கிதான் காரணம். அதைப் படம் எடுத்து இணைத்தால் பீஎச்ஐ வராமல் இருக்கமாட்டார்.

அடுத்தது வீதித் தடையும் ஆபத்தும். ஒழுங்கைக்குள் சாய்ந்த கிளை, வீட்டுக் கூரைமேல் தொங்கும் மரம், முடக்கில் பார்வையை மறைக்கும் வேலி ஆகியவற்றை வெட்டச் சொல்லி உரித்தாளருக்கு அறிவித்தல் கொடுக்கும் அதிகாரம் உள்ளூராட்சிச் சட்டங்களில் உண்டு. பிரதேச சபைக்கு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம், நகர சபைக்கு 1939 இன் 61 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மாநகர சபைக்கு 1947 இன் 29 ஆம் இலக்கம். அறிவித்தலுக்கு அசையாவிட்டால் சபையே ஆள் விட்டு வெட்டிச் செலவை உரித்தாளரிடம் அறவிடலாம். ஆள் இல்லாத காணிக்கு இந்த வழிதான் உயிர்நாடி. மின்கம்பியில் முட்டினால் மட்டும் சபையை விட்டுவிட்டு மின்சாரம் வழங்குபவர்களுக்கு அழையுங்கள். கத்தியோடு நீங்களே ஏறவேண்டாம்.

பார்த்தீனியம் போல அறிவிக்கப்பட்ட களைக்கு உரியது 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டம். 1909 ஆம் ஆண்டு ஆற்றுவாழைச் சட்டத்தை நீக்கிவிட்டு அதன் இடத்துக்கும் வந்தது இதுதான். அதிகாரம் விவசாயத் திணைக்களத்துக்கு. சபைக்குக் கொடுக்கும் கடிதத்தின் பிரதி ஒன்று அவர்களுக்கும் போகட்டும்.

நான்காம் படி: கடிதம்

தேர்தலில் வந்த சபைத் தலைவருக்கு எழுதாதீர்கள். அவருக்குப் பிரதி போதும். நகர சபை, பிரதேச சபை என்றால் செயலாளர், மாநகர சபை என்றால் ஆணையாளர் பேரில் எழுதுங்கள். கோப்பு திறப்பது அந்த மேசையில். தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதில் பெற உங்களுக்கு உரிமை உண்டு. எங்கள் இரண்டாவது கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

“செயலாளர் அவர்கட்கு. ஐயா, விடயம்: ஆளில்லாத காணியில் ஆபத்தான மரங்களும் நுளம்பு பெருகும் இடங்களும். மேற்படி ஒழுங்கையில், இன்ன இலக்க மின்கம்பத்துக்கு எதிரே, இன்ன வரி இலக்கக் காணிக்கு அடுத்துள்ள காணியில் இபில் இபில் மரங்கள் மூன்று வீதிக்குச் சாய்ந்துள்ளன. மதிலோரம் மழைநீர் தேங்கும் டயர்கள் உள்ளன. வாசலில் பார்த்தீனியம் பூத்துள்ளது. திகதியிட்ட படங்கள் ஆறு இணைக்கப்பட்டுள்ளன. தாங்கள் கள ஆய்வு செய்து, உரித்தாளருக்கு எழுத்துமூல அறிவித்தல் அனுப்பி, எடுத்த நடவடிக்கையை எமக்கு அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறோம். பிரதி: பொதுச் சுகாதாரப் பரிசோதகர், விவசாயப் போதனாசிரியர், கிராம உத்தியோகத்தர், வட்டார உறுப்பினர்.”

மின்கம்ப இலக்கம் எழுதியதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் யாரையும் கேட்காமல் நேரே வந்து இறங்கியது அதனால்தான். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் படி இறங்கவேண்டாம்.

ஐந்தாம் படி: பதில் வராவிட்டால்

மூன்று கிழமை பொறுங்கள். பிறகு வட்டார உறுப்பினரைப் பிடியுங்கள். மாதாந்தக் கூட்டத்தில் அவர் எழுப்பினால் கூட்ட அறிக்கையில் ஏறும். 2023 பங்குனியிலிருந்து 2025 வைகாசித் தேர்தல் வரை சபைகளில் உறுப்பினரே இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறார்கள், வேலை வாங்குங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். “ஏன் வெட்டவில்லை” என்று கேட்காதீர்கள், அது தகவல் கேட்பது ஆகாது. “இன்ன திகதியிட்ட எமது கடிதத்தின் மீது எழுதப்பட்ட குறிப்புகள், கள ஆய்வு அறிக்கை, அனுப்பிய அறிவித்தல் ஆகியவற்றின் பிரதி” என்று கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு கொழும்பில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. எங்கள் விடயத்தில் ஆணைக்குழு வரை போகவில்லை. விண்ணப்பம் போய்ப் பத்தாம் நாள் கள ஆய்வுக்கு ஆள் வந்தது.

அயலவர் ஊரில் இருந்துகொண்டே முரண்டு பிடித்தால் மத்தியஸ்த சபை இருக்கிறது. இணக்க சபை என்றால் எங்கள் ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும். பொதுத்தொல்லை என்ற அளவுக்குப் போனால் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவை, 98 ஆம் பிரிவின் கீழ் நீதவான் கட்டளை பிறப்பிக்கலாம். அது கடைசிப் படி. பக்கத்து வீட்டோடு நாளைக்கும் முகம் பார்க்கவேண்டும்.

ஆறாம் படி: வெட்டும்போது

அனுமதி கிடைத்த சந்தோசத்தில் எல்லாவற்றையும் வெட்டிச் சாய்க்கவேண்டாம். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவை 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வருகின்றன. உங்கள் சொந்த வளவிலேயே நின்றாலும் பிரதேச செயலகத்து அனுமதி வேண்டும். வெட்டிய மரத்தை லான்ட்மாஸ்டரில் ஏற்றி வீதிக்கு எடுக்க முதலும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். கோட்டைப் பக்கத்து மான்கள் பட்டினத்துக்குள்ளும் திரிகின்றன. பற்றைக்குள் குட்டி படுத்திருக்கிறதா என்று முதலில் ஒரு சுற்றுப் பாருங்கள்.

பார்த்தீனியத்தைப் பூக்க முதல் பிடுங்கவேண்டும். மழை கழிந்து மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு வரும். கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்குக்குத் துணி கட்டாயம். பூத்துவிட்டால் மெதுவாக உரப்பைக்குள் போட்டுக் கட்டுங்கள், கூட்டெருவில் சேர்க்கவேண்டாம். பள்ளிப் பிள்ளைகளைச் சிரமதானம் என்று கூட்டிவந்து வெறுங்கையால் பிடுங்க விடுவதைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

இபில் இபிலைத் தறித்துவிட்டு ஆட்கள் போய்விடுவார்கள், ஆறு மாதத்தில் பழையபடி நிற்கும். அடிக்கட்டையை அலவாங்கால் கிளப்பவேண்டும். மண்ணில் கிடக்கும் விதை பத்து வருடத்துக்கு மேலும் முளைக்கும் என்பதால் ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் கன்று பிடுங்க ஒரு நாள் ஒதுக்குங்கள். களைநாசினி அடிக்கலாமே என்பார்கள். கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் ஒழுங்கையில் நான் அதற்குக் கை தூக்கமாட்டேன்.

ஆற்றுவாழையை இழுத்துக் கரையில் போட்டால் அடுத்த மழைக்கு மறுபடி தண்ணீருக்குள் போய்விடும். கரையை விட்டுத் தள்ளி, மேட்டில் காயப் போடுங்கள்.

ஏழாம் படி: உபவிதி என்ற நீண்ட வழி

ஒவ்வொரு காணிக்கும் ஒவ்வொரு கடிதம் எழுதிக் களைத்தால் சபையே ஒரு உபவிதி இயற்றக் கேட்கலாம்: ஆளில்லாத வளவை வருடத்தில் இத்தனை தரம் துப்புரவாக்கவேண்டும், இன்ன செடியை வைத்திருக்கக்கூடாது, தவறினால் இவ்வளவு தண்டம் என்று. சபையில் தீர்மானம், பிறகு மாகாண மட்ட அங்கீகாரம், பிறகு வர்த்தமானி. கிழக்கு மாகாண சபை 2017 புரட்டாதியில் கலைந்தபின் தேர்தல் நடக்காததால் அங்கீகாரம் ஆளுநர் பக்கம் போய் நிற்கிறது. 1952 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் முன்னமே வெளியான நியம உபவிதிகளைத் தீர்மானத்தால் ஏற்றுக்கொள்ளும் குறுக்கு வழியும் உண்டு. முதலில் உங்கள் சபை எவற்றை ஏற்றிருக்கிறது என்று தகவல் உரிமை விண்ணப்பத்தில் கேளுங்கள். அலுமாரிக்குள் தூங்கும் உபவிதி ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும்.

வரைவில் செடிகளின் பெயரைச் சேர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். “பற்றைகள், முட்செடிகள்” என்று பொதுவாக எழுதிவிட்டால் கண்டலும் வீரையும் அதற்குள் மாட்டும். இன்ன இன்ன செடி என்று பட்டியல் போடச் சொல்லுங்கள்.

எங்கள் கோடிக் காணி போன மாசி மாதம் வெட்டப்பட்டது. சபை பாதி, மச்சான் விட்ட கூலியாட்கள் பாதி. வாசலில் இப்போது மறுபடி பச்சையாய் ஏதோ முளைக்கிறது. சனிக்கிழமை கையுறையோடு போய்ப் பார்க்கவேண்டும்.